ரத்தம் கக்கும் சக்கரம்

நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும் சாலையில், முதல் கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரம் உண்டு. பல தலைமுறையாக அது அங்கேயே நின்றது. அதை யாரும் கும்பிட்டதில்லை. அது வெறும் புளியைத்தானே கொடுத்தது.

போன ஆண்டு அதன் அடியில் ஒரு தகரக் கொட்டகை முளைத்தது. கூடவே ஒரு பலகை: 'ஸ்ரீ ரத ரட்சா பீடம். வாகன தோஷ நிவாரணம். ஏ.சி. காத்திருப்பு அறை விரைவில்.' அன்றிலிருந்து மரத்துக்கும் மஞ்சள் துணி, குங்குமம், வெள்ளிக்கிழமைகளில் மாலை. கூட்டம் வளைவு வரை நின்றது. கணியம்பாடியிலிருந்து கார் வந்தது. வேலூரிலிருந்து வந்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் புதுக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஓட்டி வந்தால் வழியில் தோஷம் ஒட்டிவிடுமாம். லாரிக்குத் தோஷம் உண்டா என்று அவர் கேட்கவில்லை. லாரி அவருடையது அல்ல.

இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் கொட்டகையில் வண்டிகள் ரத்தம் கக்கின.

கக்க வைத்தவர் வாகனச் சித்தர் தாண்டவராயர். காவி வேட்டி, முழங்கை வரை நீல ரப்பர் கையுறை. சித்தர்கள் வரலாற்றில் கையுறை போட்டவர் இவர் ஒருவரே. தோஷம் கையில் படக்கூடாது என்றார். நியாயந்தான்.

சடங்கு ஒழுங்காக நடக்கும். முதலில் வண்டிக்கு இளஞ்சிவப்பு நுரையில் குளியல். பிறகு சித்தர் ஒரு டார்ச்சை பானெட்டின் மேல் பிடிப்பார். வெளிச்சத்தைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி, வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். "சனி வளையம்" என்பார். டார்ச் நகர்ந்தால் வளையமும் கூடவே நகரும். சனி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பக்தர்கள் வாய் பிளப்பார்கள். அழுக்குத் துணியால் துடைத்த எந்தக் காரிலும் அது தெரியும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சித்தரின் ஆட்கள் இரண்டு பேர், நேற்றைய வண்டியைத் துடைத்த துணியை உதறாமல் இன்றைய வண்டியைத் துடைத்து, நாளைக்கும் சனி இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்ததுதான் முக்கியம். காவித் துணி சுற்றிய ஒரு பாட்டிலில் சாப தீர்த்தம். தண்ணீர் மாதிரி நிறமில்லாதது. அதைச் சக்கரத்தில் தெளித்துவிட்டு சித்தர் கண்ணை மூடுவார். கூட்டம் மூச்சை அடக்கும். கொஞ்ச நேரத்தில் சக்கரத்தின் மடிப்புகளில் இருந்து ஊதாச் சிவப்பாக ஒன்று கசியும். கோடாக இறங்கும். சொட்டும். கூடவே அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம்.

"இந்த வண்டி ஓர் உயிரைக் குடிச்சிருக்கு" என்பார் சித்தர், கண்ணைத் திறக்காமலே.

பழைய கார் வாங்கியவர் முகம் வெளுத்துப்போகும். முந்தைய உரிமையாளர் என்ன செய்தாரோ, யார் கண்டது? புதுக் கார் வாங்கியவருக்கும் பதில் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில் ஒட்டிக்கொண்டது. ஆக, பழையதும் தப்பாது, புதியதும் தப்பாது.

நிவாரணம் மூன்று தரம். வெள்ளிக் கவசம், தங்கக் கவசம், வஜ்ர கவசம். மெழுகு டப்பாவின் விலை ஏற ஏறப் பாவம் வழுக்கும். இயந்திரம் வைத்துத் தேய்த்து, மெழுகு பூசி முடித்ததும் பானெட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார். முத்து முத்தாக உருண்டு ஓடும். "தண்ணியே ஒட்டல. பாவம் எப்பிடி ஒட்டும்?" சக்கரத்தில் மறுபடி தீர்த்தம் தெளிப்பார். ஒரு சொட்டு ரத்தம் வராது. முன்பு வந்தது, இப்போது வரவில்லை. கண்ணால் கண்ட பிறகு வேறென்ன சாட்சி வேண்டும்?

மலை வண்டிகள் மற்றவற்றைவிட அதிகமாகக் கக்கின. சமவெளி வண்டி கசிந்தால், மலை ஜீப் கொட்டியது. மலைக்காரர்களுக்கு இது வெட்கமாகவும் இருந்தது, லேசாகப் பெருமையாகவும் இருந்தது. தங்கள் பேய்கள் ஊர்ப் பேய்களைவிட வலியவை.

அப்படிக் கொட்டியவற்றில் முதலிடம் ராஜாக்கண்ணுவின் ஜீப்புக்கு.

ராஜாக்கண்ணு நெல்லிவாசலுக்கும் ஆலங்காயத்துக்கும் இடையே ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுபவன். அவன் தங்கை செந்தாமரை வேதியியல் படித்துவிட்டு வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். வாரம் முழுக்க விடுதி, விடுமுறைக்கு வீடு. அதிகம் பேசமாட்டாள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வு நடத்திய பேராசிரியரிடம், எழுதிக் காட்டட்டுமா என்று கேட்டவள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குப் புறப்பட்டு அண்ணன் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஜீப் மணமகன் மாதிரி பளபளத்தது. உள்ளேயும் அப்படித்தான். டேஷ்போர்டில் எண்ணெய் மினுமினுப்பு, சீட்டில் மினுமினுப்பு, ஸ்டியரிங்கில் மினுமினுப்பு. பிரேக் மிதியைக்கூட விட்டுவைக்கவில்லை. அண்ணனின் செருப்பு அதில் ஒரு முறை வழுக்கியதை அவள் பார்த்தாள்.

ஒவ்வொரு முறை பிரேக்கை மிதித்தபோதும் முன் இடது சக்கரத்தில் கரகரவென்று ஒரு சத்தம். இரும்பை இரும்பு அரைப்பது போல.

அண்ணே, அது என்ன சத்தம் என்று கேட்டாள். போன வாரமே கேட்டது, மெக்கானிக்கிடம் காட்டத்தான் நினைத்தேன் என்றான் ராஜாக்கண்ணு. அதற்குள் சித்தரிடம் காட்டச் சொன்னார்கள். தெளித்ததும் நான்கு சக்கரமும் கசிந்தது, ஆனால் இந்த இடது சக்கரம் கொட்டு கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒன்று இருக்கிறதாம். அது முனகுகிறதாம். பிரேக்குக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தைத் தங்கக் கவசத்துக்குக் கொடுத்துவிட்டான். சித்தர் சக்கரத்தின் நட்டுகளுக்கு நடுவே செம்புக் கம்பி கோர்த்து, மஞ்சள் துணி சுற்றி, ஈய முத்திரை வைத்துவிட்டார். ஒரு மண்டலம் முடியும் வரை யாரும் சக்கரத்தைக் கழற்றக்கூடாது.

"கழட்டினா?" என்றாள்.

"வண்டில ஏறுற அத்தினி பேருக்கும் ஆகாது."

இறங்கும் வழியில் பாதுகாப்புக்காக எலுமிச்சை வைக்கக் கொட்டகையில் நிறுத்தினான். அங்கே ஒரு வெள்ளைக் கார் அப்போதுதான் ரத்தம் கக்கிக்கொண்டிருந்தது. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. செந்தாமரை மட்டும் ஓர் அடி முன்னால் போய் மூச்சை இழுத்தாள். அது பேயின் நாற்றம் என்றார்கள். அவளுக்கு அது ஆய்வகத்தின் மூன்றாவது அலமாரி நாற்றம். தோலில் இருந்து முடியைக் கழற்றும் மருந்து வகையில் ஒன்று. வாரத்தில் ஆறு நாள் அந்தப் பேயோடுதான் அவள் மதியச் சாப்பாடு சாப்பிட்டாள்.

வாணியம்பாடியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஆகிப் என்பவன் காருக்கான சாமான் கடை வைத்திருந்தான். ஷாம்பு, மெழுகு, சீட்டு உறை, வாசனை அட்டை. செந்தாமரை கடை வாசலில் நின்று, கேட்க வேண்டிய கேள்வியை மனசுக்குள் மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே போனாள். சக்கரத்தில் தெளித்தால் ஊதாவாக வடியுமே, அது இருக்கிறதா என்று கேட்டாள்.

ஆகிப் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலமாரியில் இருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான். அயர்ன் ரிமூவர். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கும் அதை இறுக்கும் பேடும் தேய்ந்து இரும்புத் தூள் பறந்து சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும், ஷாம்புக்கு அது போகாது, இது அதைக் கரைக்கும், கரைந்தால் ஊதா நிறம், அவ்வளவுதான் என்றான். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னான். வெயிலில் காயவிட வேண்டாம் என்றான். பிறகு அவள் கேட்காமலே, எந்த வண்டி, என்ன நிறம், உள்ளே ரெக்சினா தோலா என்று விசாரித்து, மிதியிலும் ஸ்டியரிங்கிலும் பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், வழுக்கும் என்று எச்சரித்தான். அவள் மலையில் இருந்து வருகிறாள் என்று தெரிந்ததும் சிரித்தான்.

"நம்ம தாண்டவராயன் ஊரா? பைபாஸ்ல வாட்டர் வாஷ் வெச்சிருந்தாரு. ஓடல. மலைக்குப் போய்ட்டு சித்தராயிட்டாரு. இப்ப கேன் கேனா வாங்குறாரு."

"தெரிஞ்சுமா விக்கிறீங்க?"

"நான் பாட்டில்தான் விக்கிறேன்மா. பேய் விக்கிறது அவரு."

விடுதிக்கு வந்து செந்தாமரை பாட்டிலை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு சக்கரமும் கசிந்தது, ஒன்று மட்டும் கொட்டியது. சித்தர் தெளித்தது பொய் மருந்து அல்ல. அது உண்மையைத்தான் சொல்லியிருந்தது. இந்தச் சக்கரத்தில் பேடு முடிந்துவிட்டது, இரும்பை இரும்பு தின்கிறது என்று ஊதா நிறத்தில் எழுதிக் காட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அந்த மனிதர் சக்கரத்தை முத்திரை வைத்து மூடியிருந்தார்.

அண்ணனுக்குப் போன் செய்து, சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பார்க்கச் சொன்னாள். படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா என்றான். அம்மா கன்னியம்மாள் போனை வாங்கி, சக்கரத்தில் கை வைத்தால் என் பிணத்தின் மேல்தான் என்றாள். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் புளி மூட்டையோடு அதே ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்குகிறார்கள், நானும் போகிறேன் என்றும் சொன்னாள்.

வியாழன் மாலைப் பேருந்தில் செந்தாமரை ஊர் ஏறினாள்.

வெள்ளி காலை ஜீப் நிறைந்திருந்தது. கூரையில் புளி மூட்டைகள், உள்ளே சாமைப் பைகள், அவற்றின் மேல் ஆட்கள். கொட்டகை வரை சமமான சாலை. அதற்கு அப்பால் இறக்கம். வழக்கம்போல எலுமிச்சைக்காக ராஜாக்கண்ணு நிறுத்தினான். எல்லோரும் இறங்கிக் கும்பிடப் போனார்கள். செந்தாமரையும் இறங்கினாள். கையில் துணிப்பை, பைக்குள் பாட்டில். வழியெல்லாம் அவள் தயார் செய்து வைத்திருந்த பேச்சு, கூட்டத்தைப் பார்த்ததும் மறந்துபோயிற்று.

பேச்சு வராதவளுக்குக் கை வந்தது. மரத்தடியில் சித்தரின் சொந்தக் கார் நின்றது. தோஷமே அண்டாத தேர் என்று அவர் அடிக்கடி சொல்வது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, நேராகப் போய் அதன் சக்கரத்தில் தெளித்தாள்.

தேர் ரத்தம் கக்கியது. தாராளமாக.

கூட்டம் திகைத்தது. சித்தரின் கதை முடிந்தது என்று செந்தாமரை நினைத்தாள். ஆனால் சித்தர் தொழிலில் தேர்ந்தவர். கண்ணில் நீர் திரையிட, மெதுவாகத் தலையாட்டினார்.

"உங்க பாவமெல்லாம் எங்க போவுதுன்னு நெனச்சீங்க? நான் வாங்கிக்கிறேன். என் தேர் சுமக்குது. இத வெளிய சொல்லாம வெச்சிருந்தேன். இந்தப் பாப்பா காட்டிக் குடுத்துருச்சி."

ஒரு விம்மல் எழுந்தது. கணியம்பாடிக்காரர் ஒருவர் காரின் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். பின்னால் நின்றவர்கள் வரிசை கட்டினார்கள். கன்னியம்மாள் மகளைப் பார்த்த பார்வையில் மூட்டையிலிருந்த புளி முழுவதும் புளித்தது. அறிவியல் தன் சோதனையைச் செய்தது. அதன் பலனாகச் சித்தர் இன்னும் ஒரு படி உயர்ந்தார்.

ராஜாக்கண்ணு எலுமிச்சையைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டுப் புறப்படக் குரல் கொடுத்தான். ஆட்கள் ஜீப்பை நோக்கி நகர்ந்தார்கள்.

செந்தாமரை சுற்றிலும் பார்த்தாள். கொட்டகையை ஒட்டி ராணியம்மாளின் தோசைக்கடை. கூட்டத்தை நம்பிப் போட்ட கடை. சித்தருக்குக் காலைப் பலகாரமும் அங்கேதான். வாசலில் தண்ணீர் டிரம், அதற்கு மூடியாக ஒரு பழைய தோசைக்கல். விளிம்பு உடைந்ததால் ஓய்வு பெற்று, மழையில் நனைந்து, துருப்பிடித்துக் கிடந்தது. அவள் அதைத் தூக்கி வந்து பெஞ்சின் மேல் வைத்தாள். தெளித்தாள்.

ஜீப்பில் ஒரு காலை வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

தோசைக்கல் ஊதாவாக மாறியது. விளிம்பில் இறங்கியது. பெஞ்சில் சொட்டியது. அதே நிறம், அதே நாற்றம்.

அப்போதுதான் அவளுக்கு வாய் திறந்தது.

"சாமி. இது யாரக் கொன்னுச்சு?"

சித்தர் அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். தலைவலி என்று உள்ளே போயிருக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவருக்கு, பதில் இல்லாமல் இருக்கப் பழக்கமில்லை.

"இதுலயும் ஓர் உயிர் போயிருக்கு" என்றார்.

ராணியம்மாள் அடுப்பை விட்டு வெளியே வந்தாள். கையில் தோசைத் திருப்பி.

"இன்னா சொன்ன?"

"அம்மா, நான் சொல்லல. தீர்த்தம் சொல்லுது."

"என் கல்லுல சுட்டதத் துன்னுட்டு எவன்யா செத்தான்? போன மாசம் வரைக்கும் காலைல காலைல நாலு தோச இதுலதான் உனக்கு வெந்துச்சு. நீ சாவல. நல்லாத்தான கீற?"

"உங்க முன்னோர் காலத்துல…"

"முன்னோரா? போன தை மாசம் சந்தையில நான் வாங்குனது. முன்னோர் எங்கயிருந்து வந்தாங்க? காசு பாக்கியும் வெச்சிட்டுக் கல்லு மேல கொலப்பழியும் போடுறியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பீடம் ஆரம்பித்த நாள் முதல் அந்தக் கொட்டகையில் கேட்ட முதல் சிரிப்பு அது. பக்திக்கு நாற்றம் பொறுக்கும், செலவு பொறுக்கும், சிரிப்பு மட்டும் பொறுக்காது.

செந்தாமரை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இது தீர்த்தம் இல்லை, வாணியம்பாடிக் கடையில் விற்கிற மருந்து. இரும்புத் தூளோ துருவோ பட்டால் ஊதாவாகும். கழுவிவிட்டால் இரும்பு போய்விடும், மறுபடி தெளித்தால் நிறம் வராது. மலை வண்டி இறக்கம் முழுக்க பிரேக் பிடிக்கிறது, அதனால் தூள் அதிகம், அதனால் ஊதாவும் அதிகம். யாரும் நம்ப வேண்டாம். தெளித்துப் பாருங்கள்.

பாட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

பிறகு நடந்ததற்கு அவள் பொறுப்பில்லை. ஒருவர் அருவாளை நீட்டினார். அது கக்கியது. கொட்டகைக் கதவின் துருப்பிடித்த பூட்டு கக்கியது. சைக்கிள் செயின் கக்கியது. பீடத்தின் வாசலில் நட்டிருந்த சூலத்தை யாரோ பிடுங்கி வந்தார்கள். அது எல்லாவற்றையும்விட அழகாகக் கக்கியது. ராணியம்மாளின் எவர்சில்வர் டம்ளர் மட்டும் நிரபராதியாக நின்றது. ஜவ்வாது மலையில் துருப்பிடித்த சாமான் அத்தனையும் அன்று கொலைகாரனாயிற்று.

ராஜாக்கண்ணு இதில் எதையும் பார்க்கவில்லை. அவன் தன் ஜீப்பின் இடது சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மஞ்சள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஸ்பேனர் இருந்தது. கை நகரவில்லை. ஆயிரம் பூட்டு ஊதாவாகட்டும். தன் வண்டியின் கம்பியை அறுப்பது வேறு.

கன்னியம்மாள் வந்து மகனுக்குப் பக்கத்தில் நின்றாள். கூரையில் இருந்த தன் புளி மூட்டையைப் பார்த்தாள். சாலை சரியும் இடத்தைப் பார்த்தாள். பாட்டிலைவிட அவளுக்கு அந்தச் சரிவு நன்றாகத் தெரியும்.

"கழட்டுடா" என்றாள்.

கம்பி அறுந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஜாக்கி ஏறியது, நட்டுகள் கழன்றன, சக்கரம் இறங்கியது. ராஜாக்கண்ணு பேடை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தான். பேடு என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. வெறும் இரும்புத் தகடு. டிஸ்க்கில் ஏர் ஓட்டின நிலம் மாதிரி வரிவரியாகப் பள்ளம். முனகிய பேய் அதுதான்.

ஜீப்பில் ஏற வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். ஒரு பெண் மடியில் இருந்த குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, முதல் வளைவை எட்டிப் பார்த்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜாக்கண்ணு தகட்டைக் கையில் பிடித்தபடி தங்கையைத் தேடினான். தோளில் இருந்த துண்டை எடுத்து பிரேக் மிதியில் இருந்த மினுமினுப்பை அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தான்.

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது சித்தர் இல்லை. தேரும் இல்லை. ஊதாக் கோடு வடியும் சக்கரத்தோடு அது எப்போதோ வளைவு திரும்பிவிட்டது. கையுறைகள் மட்டும் பெஞ்சில் கிடந்தன. அவருடைய ஆட்கள் இருவரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பலகையில் 'தோஷ நிவாரணம்' என்பதன் மேல் சாக்பீஸால் கோடு போட்டு, அடியில் 'கார் கழுவப்படும்' என்று எழுதினார்கள். துணியையும் துவைத்துக் காயப்போட்டார்கள். அன்றைக்கு அந்த மலையில் நடந்த ஒரே நிவாரணம் அது.

இத்தோடு எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

செந்தாமரை பாட்டிலைத் துடைத்துப் பைக்குள் வைக்கப் போனபோது கணியம்பாடிக்காரர் அருகே வந்தார். சற்று முன் சித்தரின் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டவர். இப்போதும் கை கூப்பித்தான் இருந்தது; திசை மட்டும் மாறியிருந்தது.

"அம்மா, அந்தாளு ஃபிராடு. உங்ககிட்டதான் உண்மையான சக்தி கீது. என் வண்டிக்கும் ஒரு தடவ தெளிச்சு, தோஷம் கீதா இல்லியான்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க."

அவருக்குப் பின்னால் அதற்குள் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள்.

செந்தாமரை பாட்டிலை அவரிடம் நீட்டி, அதன் பின்பக்கம் ஒட்டியிருந்த விவரச் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். எதற்கு, எப்படி, எதில் பட்டால் என்ன நிறம், எல்லாம் தமிழிலேயே அச்சடித்திருந்தது. அவர் பயபக்தியோடு வாங்கினார். கண்களில் ஒற்றிக்கொள்ளத் தூக்கினார்.

அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கண்ணுல ஒத்தாதீங்க, எரியும். கண்ணு படிக்கிறதுக்குங்க."